ஐந்து குரல்களில் ஒரு கச்சேரி

1990களில் நம் ஊர்க் கோடை விடுமுறைக்குத் தனியாக ஓர் ஓசை இருந்தது. மஞ்சள் வீடியோ கேம் கேசட்டின் அடிப்பக்கத்தை வாயால் ஊதி, செருகி, சுவிட்சைத் தட்டினால் டிவியிலிருந்து மாரியோவின் மெட்டு துள்ளிக்கொண்டு வரும். விளையாடாதவர்களுக்கும் அது மனப்பாடம்.

மெட்டை அமைத்தவர் கோஜி கோண்டோ. 1984-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஜப்பானில் வெளியானது. படம், இசை, எட்டு உலகங்கள் என எல்லாம் சேர்ந்தும் அந்த விளையாட்டு 40 கிலோபைட்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கிறது.

இவ்வளவு சிறிய இடத்தில் பாட்டைப் பதிவு செய்து வைக்க வழியில்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டுமே கேசட்டில் இருக்கும். அதைப் படித்து அந்தக் கணமே பாடுவது நிண்டெண்டோவின் விளையாட்டுக் கருவியான பேமிகாமின் சில்லு. இப்படிப் பிறந்த இசைக்குத்தான் சிப்டியூன் என்று பெயர்.

அந்தச் சில்லுக்கு ஐந்து குரல்கள். சதுர அலை எழுப்பும் இரண்டும் மெட்டையும் துணை மெட்டையும் பாடும். முக்கோண அலைக்குரல் பேஸ் கிட்டார் போல அடியில் நடக்கும். அதன் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நான்காவது குரலுக்கு வெறும் இரைச்சல் மட்டுமே தெரியும். அந்த இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கித் தாளமாக்கினார்கள்! ஐந்தாவது, முன்பே பதிவு செய்த குட்டி ஒலித்துண்டுகளுக்கானது. மாரியோவில் அதற்கு வேலையே இல்லை.

கோண்டோ முதலில் எழுதிய மெட்டு நிதானமானது. மாரியோ ஓடுவதையும் தாவுவதையும் பார்த்தபின் அது பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டு, புதிதாக எழுதினார். கட்டைவிரலின் வேகமும் பாட்டின் வேகமும் இன்றும் ஒன்றாகவே நினைவுக்கு வருவதற்கு அந்தத் திருத்தம்தான் காரணம். விளையாட்டின் கடிகாரம் 100-க்கு இறங்கும்போது அதே மெட்டு விரைந்தோடத் தொடங்கும்; பிள்ளைகளின் உள்ளங்கை வியர்க்கும்.

மற்ற கருவிகளிலும் இதே போராட்டம்தான். கமடோர் 64 கணினிக்கு மூன்றே குரல்கள். இங்கிலாந்தின் ராப் ஹப்பர்ட் போன்ற இசையமைப்பாளர்கள் ஸ்வரங்களைக் கண்ணிமைக்கும் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல் காதை நம்பவைத்தார்கள்.

நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் பேமிகாமின் நகல்கள். அவற்றில் பலவற்றின் சில்லுகளில் சதுர அலையின் இரண்டு வகைகள் இடம் மாறியிருந்தன. மெட்டு அதேதான், குரலின் நிறம் மட்டும் சற்று வேறு. ஜப்பானியப் பிள்ளைகள் கேட்ட மாரியோவும் நாம் கேட்ட மாரியோவும் முழுக்க ஒன்றல்ல. யூடியூபில் அசலைக் கேட்கும் சிலருக்கு ஏதோ குறைவதுபோலத் தோன்றினால் அது பிரமை அல்ல.

2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் கோண்டோவின் மெட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்தது. அந்தப் பேரேட்டில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அது.

மாரியோ தாவும் ஓசைக்கும் நாணயம் எடுக்கும் ஓசைக்கும் தனிக் குரல் இல்லை. சதுர அலைகளில் ஒன்றைப் பிடுங்கித்தான் அவை ஒலிக்கும். பழைய செட் இன்னும் பரணில் கிடந்தால், அல்லது போனிலேயே விளையாட நேர்ந்தால், ஒரு நாணயத்தை எடுத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பாட்டில் ஒரு குரல் கணநேரம் ஒதுங்கி, மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும்.