கோடைப் பயணம்: எந்தத் திசைக்கு எந்த வாரம்?

மார்ச் இறுதியில் தேர்வுகள் முடிந்ததும் திருவனந்தபுரத்து இல்லங்களில் எழும் முதற்கேள்வி ‘எங்கே போகலாம்?’ என்பதே. ‘எப்போது போகலாம்?’ என்பதைப் பெரும்பாலும் அலுவலக விடுப்பே முடிவு செய்துவிடுகிறது. ஆயினும் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு சொந்தக் காரில் புறப்படும் குடும்பத்துக்கு இரண்டாவது கேள்வியே முதன்மையானது. ஏப்ரல் முதல் வாரத்தில் இனிமை தரும் அதே மலைப்பாதை, மே இறுதி வாரத்தில் அச்சம் தருவதாக மாறிவிடக்கூடும். எனவே திசையையும் வாரத்தையும் ஒருசேரத் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.

மலையின் இருபுறமும் இரு பருவங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் கோடை ஒரே வேளையில் உச்சம் பெறுவதில்லை. கேரளத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களே வெப்பம் மிகுந்தவை. அதன்பின் பிற்பகல் இடிமழைகள் மெல்ல மெல்லச் சூட்டைத் தணிக்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளிகளிலோ வெப்பம் மே மாதம் வரை ஏறிக்கொண்டே செல்கிறது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திர நாள்களை அறியாதார் இல்லை. ஆகவே மே மாதத்தில் ஆரல்வாய்மொழியையோ ஆரியங்காவையோ கடந்து கிழக்கே செல்வது, ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்துக்குள் நுழைவதற்கு ஒப்பாகும்.

பள்ளி அட்டவணைகளும் வேறுபடுகின்றன. கேரள மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மேயும் விடுமுறை. தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்திலும் தேர்வுகள் நடைபெறுவது வழக்கம். அங்கு விடுமுறை தொடங்கியதும் மலை வாழிடங்களில் கூட்டம் பெருகுகிறது. அதற்கு முந்தைய வாரங்கள் நம் ஊர்க் குடும்பங்களுக்குக் கிடைத்துள்ள நல்வாய்ப்பு எனலாம். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் இருப்பின் பள்ளியின் நாள்காட்டியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல்: கிழக்குச் சமவெளியும் மலை வாழிடங்களும்

மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்குச் செல்ல விரும்புவோர் ஏப்ரல் முற்பாதியைத் தேர்ந்தெடுப்பது நலம். நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக மதுரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டால் நண்பகல் வெயிலுக்கு முன் சென்று சேரலாம். கோயில்களின் கல்தளம் வெயிலில் கொதிக்கும். வெறுங்காலுடன் நடக்கும் குழந்தைகளின் நிலையை எண்ணிக் காலை 9 மணிக்கு முன்போ மாலையிலோ தரிசனத்தை வைத்துக்கொள்வது நன்று.

கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் ஏப்ரல் முதல் மூன்று வாரங்கள் ஏற்றவை. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் காலத்துக்காக மூடப்பட்டு, வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்படுகிறது. கொடைக்கானல், உதகை ஆகிய இரு ஊர்களுக்கும் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. வார நாள்களில் உதகைப் பகுதிக்கு 6,000, கொடைக்கானலுக்கு 4,000. வார இறுதியில் முறையே 8,000, 6,000. விடுதிக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன்பே அவ்வாண்டின் இ-பாஸ் விதிகளை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

ஏப்ரலிலும் சில நாள்களைக் கருத்தில் கொள்ள வேண்டும். விஷு, தமிழ்ப் புத்தாண்டு, புனித வெள்ளி ஆகியவற்றை ஒட்டிய தொடர் விடுமுறைகளில் சாலைகளும் விடுதிகளும் நிரம்பிவிடும். மதுரைச் சித்திரைத் திருவிழாவும் திருச்சூர்ப் பூரமும் காணத்தக்க பெருவிழாக்கள். அவற்றைக் காணவே செல்வோர் தங்குமிடத்தை மிக முன்னதாக உறுதி செய்யட்டும். ஏனையோர் அந்நாள்களைத் தவிர்த்து அவ்வூர்களுக்குச் செல்லட்டும்.

மே: அண்மைப் பயணம், கூடுதல் கவனம்

மே முற்பாதியில் பொன்முடி, தென்மலை, வர்க்கலை, கன்னியாகுமரி போன்ற அண்மை இடங்களுக்குச் சென்று ஓரிரு நாளில் திரும்புவது பொருத்தமானது. ஆயினும் இம்மாதத்தின் இரு ஆபத்துகளைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, ‘கள்ளக்கடல்’. தொலைதூரத் தென்கடலில் உருவாகும் பேரலைகள், இங்கு காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும் திடீரெனக் கரையேறுகின்றன. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. வானம் தெளிவாக இருப்பதால் கடலும் அமைதியாக இருக்கும் என எண்ணிவிடலாகாது.

இரண்டாவது, அருவிகளில் வரும் திடீர் வெள்ளம். அதே ஆண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் பாய்ந்த வெள்ளத்தில் பதினேழு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதிருக்கலாம். மலைமேல் பெய்த மழையே போதும். அருவி நீர் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ நொடியும் தாமதியாமல் கரையேறிவிட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. ஆனால் அது ஆண்டுதோறும் முன்பின்னாக அமைகிறது. 2023-இல் ஜூன் 8, 2024-இல் மே 30, 2025-இல் மே 24. எனவே மே 20-க்குள் வீடு திரும்பும்படி திட்டமிடுவதே பாதுகாப்பானது. அதன்பின் செல்ல நேர்ந்தால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை நாள்தோறும் பார்த்து, மலைப்பாதைகளைத் தவிர்க்க வேண்டும்.

நாளில் எந்த நேரம்?

இடிமின்னல் அபாயம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மிகுதி எனக் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகல் 2 மணிக்குள் தங்குமிடம் சேர்வது கோடைப் பயணத்தின் பொன்விதி. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொன்முடிச் சாலையில் இது மேலும் பொருந்தும். நீண்ட தூரம் செல்லும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறுவது ஓட்டுநருக்கும் குழந்தைகளுக்கும் நல்லது. வாகனத்தை வெயிலில் நிறுத்தியிருக்கும்போது, ஒரு நிமிடமாயினும் குழந்தையை உள்ளே தனியே விட்டுச் செல்லலாகாது.

பணத் திட்டம்

பயணத்துக்கான பணத்தைக் கடைசி நேரத்தில் கடன் அட்டையில் தேடுவதைவிட, முன்கூட்டியே சேமிப்பது மேலானது. ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதங்களுக்கு மாதம் ரூ.3,000 வீதம் தொடர் வைப்பில் செலுத்தினால், விடுமுறை தொடங்கும் வேளையில் ரூ.30,000-மும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும்.

விடுதி அறைக்கு முன்பதிவு செய்யும்போது, கட்டணம் சற்று மிகுதியாயினும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். செலுத்திய பணம் வீணாகிவிடுமே என்ற தயக்கத்தால்தான் பலர் எச்சரிக்கையை மீறிப் புறப்படுகின்றனர்.

புறப்படுமுன் ஃபாஸ்டேக் இருப்பையும் அது செயல்பாட்டில் உள்ளதா என்பதையும் சரிபார்த்திடுங்கள். செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லாத வாகனம் சுங்கச்சாவடியில் ரொக்கமாகச் செலுத்தினால் இரு மடங்கும், யு.பி.ஐ. வழியே செலுத்தினால் 1.25 மடங்கும் கட்டணம் என்ற விதி 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வாகனக் காப்பீட்டின் முடிவு நாளையும் ஒருமுறை பாருங்கள். மலைப்பகுதிகளில் கைப்பேசி இணைப்பு தடைபடலாம் என்பதால் ஒரு நாள் செலவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும்.

ஏப்ரலிலும் மேயிலும் விடுப்பு கிடைக்காதோர் மனம் தளர வேண்டியதில்லை. பருவமழை வலுத்து, குற்றாலத்தில் சாரல் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு வார இறுதியே அங்கு சென்றுவரப் போதும். நம் நகரிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். அருவிகளில் குளிக்க அனுமதி உள்ளதா என்பதை மட்டும் புறப்படும் நாளின் காலையில் கேட்டறிந்து செல்லுங்கள்.