ஏரி இருக்கிறது, படகு எங்கே?

மாநாடு என்றால் நமக்குத் தெரியும். கீற்றுப் பந்தல், கொடிக்கம்பம், இரவெல்லாம் லாரிப் பயணம், மணலிலே துண்டை விரித்து உட்கார்ந்து விடிய விடியப் பேச்சுக் கேட்பது. அதுதான் நாமறிந்த மாநாடு.

இப்போது வேறொரு வகை மாநாடு பெருகி வருகிறது. குளிர்பதன அரங்கம், கழுத்திலே பெயர் அட்டை. பகலிலே முதலீட்டுப் பேச்சு, மாலையிலே கடற்கரை விருந்து, மறுநாள் சிற்பம் பார்க்கச் சொகுசு வண்டி! தொழிலும் உல்லாசமும் கைகோத்து வரும் இந்தச் சுற்றுலாவுக்கு அரசுகள் கம்பளம் விரிக்கின்றன. விரிக்கட்டும். ஊருக்கு நாலு காசு வருமென்றால் நாம் ஏன் வயிறெரிய வேண்டும்?

ஆனால், கம்பளம் எந்தத் திசையில் விரிக்கப்படுகிறது என்று பாருங்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தது மாமல்லபுரத்தில். 2022-ல் செஸ் ஒலிம்பியாடு நடந்ததும் அங்கேதான். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் உலக முதலீட்டாளர் மாநாடு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கூடியது. 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு முதலீடு என்று அறிவித்தார்கள். படகு விட வேண்டுமா? அதற்கு முட்டுக்காடு. எல்லாம் தெற்கே, தெற்கே, தெற்கே!

வடக்கே என்ன இருக்கிறது? எண்ணூரிலே சாம்பல். கும்மிடிப்பூண்டியிலே இரும்பு உருக்கும் உலை. தேர்வாய்க்கண்டிகையிலே டயர் ஆலை. மாநாட்டிலே பேசப்படும் சரக்கு வடக்கே உருவாகிறது. மாநாட்டு விருந்து தெற்கே பரிமாறப்படுகிறது.

வடக்கே எழில் இல்லாததாலா இந்த நிலை? பழவேற்காட்டைப் பார்த்தவர் அப்படிச் சொல்வாரா? சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். மழைக்காலம் கழிந்ததும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். 1980-ல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆந்திரத்தார் சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவே நடத்துகிறார்கள். நாம்? பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்துக்குக் காத்து நிற்கிறோம்.

ஊருக்கு வரலாறும் உண்டு, அதுவும் சாதாரண வரலாறல்ல. டச்சுக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். 1690-ல்தான் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நம் நெசவாளி நெய்த துணி இங்கிருந்துதான் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியது. துணி மட்டுமா போயிற்று? பஞ்ச காலத்திலே சோற்றுக்கு வழியின்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஏழைகள், அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் சித்திர வேலைப்பாட்டோடு, தொல்லியல் துறையின் காவலில் நிற்கின்றன. வாங்கியவனுக்குக் கல்லறை உண்டு; விற்கப்பட்டவனுக்கு ஒரு பலகைகூட இல்லை. வழிகாட்டி வைத்தால் அவன் வாயில் இந்தக் கதையும் வர வேண்டும்.

இனி, நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பெண்களும் குழந்தைகளுமாக உறவினர் கூட்டம் ஒன்று பழவேற்காட்டுக்கு வந்தது. ஏறியது மீன்பிடிப் படகில். உல்லாசப் படகு இருந்தால்தானே ஏற! உயிர்காப்புச் சட்டை இல்லை. படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் கிளைகள்.

அதன் பிறகு என்ன செய்தார்கள்? சுற்றுலாப் படகுக்குத் தடை! முடிந்தது வேலை. தடைக்குப் பின்னும் திருட்டுத்தனமாகப் படகு ஓடுகிறது என்று செய்தி வருவதும், நடவடிக்கை என்று அறிக்கை வருவதும் வாடிக்கையாயிற்று. மறைவாக ஓடும் படகில் ஆளை எண்ணுபவர் யார்? சட்டை மாட்டிவிடுபவர் யார்?

தேக்கடியை நினைத்துப் பாருங்கள். 2009 செப்டம்பர் 30-ல் அங்கே அரசாங்கப் படகே கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அங்கே படகை அடியோடு நிறுத்திவிட்டார்களா? இல்லை. உயிர்காப்புச் சட்டையைக் கட்டாயமாக்கி மீண்டும் ஓட்டினார்கள். விடுதிகளும் வெளிநாட்டாரும் நிறைந்த தேக்கடிக்கு ஒழுங்கு; பாட்டாளி பிரியாணிப் பொட்டலத்தோடு போகும் பழவேற்காட்டுக்குப் பூட்டு. இது என்ன நியாயம்?

உழைப்பவனுக்கு உல்லாசம் எதற்கு என்று கேட்கும் கனவான்கள் உண்டு. 1936-ல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளில் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை பெற்றார்கள். விடுமுறைக்குப் போக ரயில் கட்டணத்தில் சலுகையும் வந்தது. அதுவரை கடலையே பார்த்திராத குடும்பங்கள் கடலுக்குப் போயின. நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு என்றது. ஒப்பந்தத் தொழிலாளி பலருக்கு அது ஏட்டுச் சுரைக்காய். அது தனிப் போராட்டம். கும்மிடிப்பூண்டி உலைகளில் வேகும் ஒடியா, பீகார்த் தோழனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தகரக் கொட்டகையும் கைப்பேசியும்தான்.

ஆகவே மாளிகை கேட்கவில்லை நாம். நட்சத்திர விடுதி வந்தால் முதலில் வருவது வேலி. வேலி வந்தால் வலை உலர்த்த இடம் போகும். ஏற்கெனவே ஏரியின் முகத்துவாரம் மணல் தூர்ந்து மீனவர் வயிற்றில் அடிக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக முடிவதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் வேறு அவர்களை உறங்கவிடவில்லை. சுற்றுலாவும் நாலாவது தொல்லையாக வந்து சேரக் கூடாது.

படகு மீனவர் கையிலேயே இருக்கட்டும். அந்தக் குப்பங்களிலே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அதிகாரி போட்ட சட்டமல்ல. அவர்களே வகுத்த நெறி. மீனுக்கு முறை வகுக்கத் தெரிந்தவர்களுக்குப் படகுச் சவாரிக்கு முறை வகுக்கத் தெரியாதா? மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமம் கொடுங்கள். படகுக்கு இத்தனை பேர் என்று பலகையில் எழுதுங்கள். சட்டை மாட்டாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். பறவை மேயும் பக்கம் போகாமல் எல்லை குறியுங்கள். படகுத்துறை, பெண்களுக்குக் கழிப்பிடம், ஞாயிறன்று பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் கூடுதல் பேருந்து. இவ்வளவுதான் செலவு. மீன் குழம்புச் சோற்றை மீனவப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்!

கும்மிடிப்பூண்டித் தொழிற்சங்கத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய், குப்பத்துப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து பேசட்டும். மனுவை நாம் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குவது முறையல்ல. இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். மழை கழிந்ததும் பூநாரைகள் வந்துவிடும். அதற்குள் மனு ஆட்சியர் மேசைக்குப் போகட்டும்.