கல்லுக்குத் தேனீயின் பெயர்

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்தின் பெயர் அந்நஹ்ல், அதாவது தேனீ. அரபியில் நஹ்ல் எனப்படுவதை இலத்தீனில் 'ஏப்பிஸ்' என்பர்; கிரேக்கத்தில் 'மெலிற்றா' என்பர். தேனுக்குக் கிரேக்கச் சொல் 'மெலி'. விஞ்ஞானப் பெயர்களில் அநேகமானவை இவ்விரு மொழிகளிலிருந்தே பிறந்தவை. அதனால்தான் உயிரியலில் சந்தித்த ஒரு சொல், இரசாயனவியல் புத்தகத்திலும் எட்டிப் பார்க்கிறது.

மெலிற்றா என்ற பெயரிலேயே ஒரு தேனீச் சாதி உண்டு. வேடிக்கை என்னவென்றால், இவை கூட்டமாக வாழ்வதில்லை. நிலத்தில் வளை தோண்டித் தனித்தே வாழ்கின்றன. நமக்குத் தேன் தருவதுமில்லை. மெலிற்றின் என்பது தேனீ நஞ்சின் பிரதான கூறு. 26 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி அது. தேனீ கொட்டினால் நாம் துடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெலைற்று என்பதோ ஒரு கனிப்பொருள். தேனீக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தேன் நிறமாக இருப்பதால் வந்த பெயர். 1799இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் கிளாப்ரொத் இக்கல்லிலிருந்து ஓர் அமிலத்தைக் கண்டறிந்தார். அது மெலிற்றிக் அமிலம் ஆனது. நிறம் கல்லுக்குப் பெயர் கொடுத்தது, கல் அமிலத்துக்குக் கொடுத்தது. பெயரில் இனிக்கும் அந்த அமிலத்தில் தேன் ஒரு துளியும் இல்லை!

இப்படி ஒரே சொல் பல இடங்களில் வரலாமா? விலங்குகளுக்குள் ஒரு சாதிப் பெயரை இரண்டு சாதிகளுக்கு வைக்க முடியாது. ஆனால் கனிப்பொருள்களுக்கும் சேர்வைகளுக்கும் பெயரிடும் விதிகள் வேறு. ஆகவே சண்டை இல்லை. ஒஸ்மியா ஒரு தேனீச் சாதி. ஒஸ்மியம் 1803இல் தெனந்து என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த மூலகம். இரண்டும் மணத்தைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. ஒஸ்மியத்தின் ஒட்சைட்டு கடுமையாக மணக்கும், அது நஞ்சும்கூட.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒலி ஒத்திருந்தால் வேரும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினில் தேன் இல்லை. அது கருமையைக் குறிக்கும் 'மெலாஸ்' என்ற சொல்லின் பிள்ளை. எப்பாவலையில் பசளைக்காகத் தோண்டப்படும் அப்பதைற்றும் ஏப்பிஸின் உறவல்ல. வேறு கற்களென்று பலரும் அதைத் தவறாக எண்ணியதால், 'ஏமாற்றுதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே அதற்குப் பெயர் வைத்தார்கள்.