இடுகாடும் அதற்குச் செல்லும் பாதையும்

சென்ற கோடையில் என் அப்பாரு காலமானபோது, எருமப்பட்டியை அடுத்த சிற்றூரிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாதம் எழுந்தது. தம் கிணற்று மேட்டிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். "அவர் பாடுபட்ட மண்; யாரைக் கேட்கவேண்டும்?" என்றார் பெரியப்பா. பாடை கட்டி முடித்த பிறகும் வாதம் ஓயவில்லை. அன்று எங்களுக்குத் தெரியாதிருந்த சிலவற்றை இங்கு எழுதுகிறேன்.

புதைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளே சான்று. சுடுதல், வெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை சொல்கிறது. இன்றும் முறைகள் பல. எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் பச்சிளங்குழந்தையைப் புதைக்கின்றன. வீரசைவர் உடலை அமர்ந்த நிலையில் அடக்கம் செய்வர். இசுலாமியர் வெள்ளைத் துணி சுற்றி, முகம் மக்காவை நோக்குமாறு வலப்புறமாகக் கிடத்துவர். கிறித்தவர் பெட்டியில் வைத்துப் புதைப்பர். இடம் அருகிப்போன சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறையையே மீண்டும் திறந்து அடக்கம் செய்கின்றனர்.

சொந்த நிலம் என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் பெற்ற மயானம் தவிர வேறிடத்தில், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை நான்கு வீட்டார் குடிக்கின்றனர். அப்பாருவை ஊர் மயானத்துக்கே கொண்டு சென்றோம். நம் பகுதியில் இரண்டடிக்குக் கீழே சுக்கான் பாறை எதிர்ப்படும். கோடையில் ஆறடி தோண்டக் கடப்பாரையோடு அரைநாள் ஆகும். ஆகவே குழிக்கு ஆள் அனுப்புவதே முதல் வேலையாக இருக்கட்டும்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். தாமதித்தால் கட்டணம் உண்டு. வீட்டில் இறந்தால் சிற்றூரில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சியில் அதன் அலுவலகத்திலும் தெரிவிக்கலாம். இறப்பில் ஐயமிருப்பின் காவல் நிலையத்துக்குச் சொல்லாமல் உடலை எடுக்கவே கூடாது.

இவை யாவும் இருந்தும் பாதை இல்லையேல் பயனில்லை. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தனியார் நிலத்தின் வழியே செல்ல இயலாமல் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்கினர். சென்னை உயர் நீதிமன்றம் அதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது எங்கோ நடந்தது என்றுதான் எண்ணினேன். ஆனால் எங்கள் ஊர் மயானப் பாதை எங்கள் காட்டை ஒட்டித்தான் செல்கிறது. ஆண்டுக்கு ஒரு சால் கூடுதலாக உழுது அதைக் குறுக்கியவர்கள் நாங்களே. அப்பாருவின் பாடையைச் சுமந்தவர்கள் இருவர் இருவராக நடக்க அங்கே இடமில்லை. ஒருபுறத்தார் எங்கள் சோளத்தை மிதித்துக்கொண்டு நடந்தனர்.

அடுத்த உழவுக்கு முன் பாதையை அளந்து கல் நட அப்பா இசைந்திருக்கிறார். பெரியப்பா இன்னும் இசையவில்லை.