உங்களுக்குத் தெரியுமா? நர்ஸின் கைக்கு வந்த மின்னதிர்ச்சி

இருதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து வீணே துடிக்கும் விபரீத நிலையில், சில நிமிஷங்களுக்குள் மின்னதிர்ச்சி கொடுத்தாலன்றி நோயாளி பிழைப்பது துர்லபம் என்று தெரிந்திருந்தும், அதற்கான கருவியைத் தொடும் அதிகாரம் வைத்தியருக்கே உரியதாயிருந்தது. படுக்கையருகே விழித்திருந்த நர்ஸோ அவரைத் தேடி ஓடவேண்டியவள்! 1960-களின் முற்பகுதியில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பிரஸ்பிடீரியன் ஆஸ்பத்திரியில், டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் இவ்வழக்கத்தை மாற்றினார்கள். திரையில் ஓடும் இருதய மின்வரைபடத்தை இடைவிடாது கவனித்து, தாளம் பிறழ்ந்ததை உணர்ந்து, வைத்தியர் வருமுன்பே மின்னதிர்ச்சி கொடுக்க அங்கே நர்ஸுகள் பயிற்றப்பட்டனர். யந்திரத்தைவிட இந்த அதிகார மாற்றமே பெரிய புதுமை என்பது நம் அபிப்பிராயம். அவ்விருவரும் டாக்டர் ராடெரிக் கிச்செலும் சேர்ந்து நர்ஸுகளுக்கென்றே எழுதிய இருதயத் தீவிர சிகிச்சைக் கைநூல் 1965-இல் வெளிவந்தது.