முதுமையும் முகவரியும்

ஒரே நாளில் பிறந்த இருவர் அறுபத்தைந்து வயதை எட்டும்போது, அவர்களுடைய மூட்டும் இதயமும் நினைவாற்றலும் ஒரே அளவில் மூத்திருப்பதில்லை என்பதை முதியோர் நல மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அந்த வேறுபாட்டில் மரபணுவுக்கு ஒரு பங்கு உண்டு. எந்தத் தெருவில் வளர்ந்தார்கள், எத்தனை ஆண்டு படித்தார்கள், என்ன வேலை செய்தார்கள், இப்போது யாருடன் வாழ்கிறார்கள் என்பவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. மூப்பைப் பற்றிய கோட்பாடுகளும் நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளும் செவிலியப் பாடநூல்களில் வெவ்வேறு அத்தியாயங்களில் இடம்பெற்றாலும், முதியவரின் வீட்டுக்குள் நுழையும் செவிலியருக்கு அவை பின்னிப்பிணைந்தே எதிர்ப்படுகின்றன. எது வயதின் விளைவு, எது வாழிடத்தின் விளைவு என்று அங்கே பிரித்தறியத் தவறினால், தீர்க்கக்கூடிய துன்பம் ஒன்று ‘வயதானால் அப்படித்தான்’ என்ற பேச்சுக்குள் புதைந்துபோகிறது.

உடலுக்கு வெளியே உள்ள காரணங்கள்

நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள் என்பவை, மனிதர் பிறந்து, வளர்ந்து, உழைத்து, மூப்படையும் சூழ்நிலைகளையும், அச்சூழ்நிலைகளை மக்களிடையே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடும் பொருளாதார, அரசியல் ஏற்பாடுகளையும் சேர்த்துக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைத்த ஆணையம் இதை ஆராய்ந்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த கால்டன் என்ற ஏழ்மையான பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54 ஆண்டுகளாக இருந்தபோது, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள லென்சி என்ற வசதியான பகுதியில் அது 82 ஆண்டுகளாக இருந்தது என்ற அதன் குறிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. இலவச மருத்துவம் தரும் அதே அரசு அமைப்பின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இடையில்தான் அந்த 28 ஆண்டு இடைவெளி இருந்தது.

வறுமையை மட்டும் காரணமாகச் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. லண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் பங்கேற்ற ஆண்கள் எல்லோரும் நிலையான வேலையும் சம்பளமும் உள்ளவர்கள். இருந்தும், கடைநிலைப் பணியாளர்கள் இதயத் தமனி நோயால் இறக்கும் விகிதம், உயர்நிலை அதிகாரிகளின் விகிதத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிலெடுத்துக் கழித்த பின்னரும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே எஞ்சியது. பதவிப் படியின் ஒவ்வொரு நிலையிலும் கீழே இருப்பவரைவிட மேலே இருப்பவர் நலமாக இருந்தார் என்பதே இந்த ஆய்வு விட்டுச்சென்ற முக்கியமான செய்தியாகும்.

உயிரணுவின் கணக்கு

மூப்பைப் பற்றிய உயிரியல் கோட்பாடுகள் உடலுக்குள்ளேயே காரணத்தைத் தேடுகின்றன. உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல் என்னும் நிலையற்ற மூலக்கூறுகள் திசுக்களைச் சிறுகச் சிறுகச் சேதப்படுத்துவதே மூப்பு என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்மொழிந்தார். மனித உயிரணுக்கள் ஆய்வகத்தில் ஏறத்தாழ 40 முதல் 60 முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று லெனார்ட் ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் ஆகியோர் 1961-இல் காட்டினார்கள். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற பகுதி ஒவ்வொரு பிரிவின்போதும் குறுகுவது அதற்கு ஒரு விளக்கம் என்பது பின்னர் தெரியவந்தது. டெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன் உள்ளிட்ட மூவருக்கு 2009-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சமூகம் உயிரணுவுக்குள் நுழையும் வழியும் இங்கேதான் புலப்படுகிறது. நாள்பட்ட நோயுள்ள குழந்தையைப் பராமரிக்கும் தாய்மார்களை, நலமான குழந்தைகளின் தாய்மார்களுடன் ஒப்பிட்டு பிளாக்பர்னும் எலிசா எபெலும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பில் கழிந்த ஆண்டுகள் கூடக் கூட டெலோமியர் குறுகியிருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 58 பேர் மட்டுமே என்பதால் அதன்மீது பெரிய முடிவுகளை ஏற்றக்கூடாது என்றாலும், அது காட்டிய திசை முக்கியமானது. அச்சமும் நெருக்கடியும் வரும்போது உடல் கார்ட்டிசால் போன்ற சுரப்புகளைப் பெருக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. வாடகை, கடன், வேலையின்மை என்று நெருக்கடி ஓயாமல் தொடரும்போது, காப்பதற்கென அமைந்த அதே ஏற்பாடு ரத்தக் குழாயையும் மூளையையும் தேய்க்கிறது. புரூஸ் மெக்எவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-இல் விளக்கிய இந்தத் தேய்மானத்தைத் தகவமைப்புச் சுமை எனலாம். அறுபது வயதில் எழுபது வயது உடலோடு வந்து நிற்கும் ஒரு கூலித் தொழிலாளியைப் புரிந்துகொள்வதற்கு இதைவிடத் துணையான கருத்து வேறில்லை.

ஒதுங்குவதா, ஒதுக்கப்படுவதா

சமூகவியல் கோட்பாடுகளில் நெடுங்கால விவாதத்தை எழுப்பியது விலகல் கோட்பாடு. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நடந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி ஆகியோர் 1961-இல் இதை முன்வைத்தார்கள். முதியவர் சமூகத்திலிருந்தும் சமூகம் முதியவரிடமிருந்தும் மெல்ல விலகிக்கொள்வது இயல்பானது, தவிர்க்க முடியாதது, இரு தரப்புக்கும் நன்மையானது என்பது அதன் சாரம். ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் போன்றோர் வளர்த்த செயல்பாட்டுக் கோட்பாடு, இழந்த பொறுப்புகளுக்கு ஈடாகப் புதிய ஈடுபாடுகளை மேற்கொள்ளும் முதியவரே நிறைவோடு இருக்கிறார் என்று மறுத்தது. ராபர்ட் அச்லி விளக்கிய தொடர்ச்சிக் கோட்பாடு, நடுவயதில் கொண்டிருந்த இயல்பையும் பழக்கத்தையும் முதுமையிலும் தொடரவே மனிதர் விழைகிறார்கள் என்றது.

வாசலைத் தாண்டாத ஒரு முதியவர் தாமாக விலகியவரா, விலக்கப்பட்டவரா என்ற கேள்வியே இவற்றுள் அதிகம் கவனிக்கத்தக்கது. 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலை அதற்குக் கொடிய முறையில் விடை தந்தது. ஜூலை 13 அன்று வெப்பம் 106 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள், அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வாழ்ந்தவர்களும், படுக்கையில் இருந்தவர்களும், அன்றாடம் வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களும் மிகுதியாக இறந்தார்கள் என்று பின்னர் நடந்த மருத்துவ ஆய்வு காட்டியது.

சமூகவியலாளர் எரிக் கிளினன்பர்க், அந்நகரில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் ஆகிய இரண்டிலும் தனித்து வாழும் ஏழை முதியவர்கள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தார்கள். ஆனாலும் வெப்பத்தால் இறந்தோரின் விகிதம் வடக்கில், தெற்கைப்போல் பத்து மடங்கு இருந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த வடக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, கடைகள் மறைந்து, கைவிடப்பட்ட கட்டடங்களும் வெற்று மனைகளுமே எஞ்சியிருந்தன. குற்றங்களுக்கு அஞ்சிய முதியவர்கள் கடும் வெப்பத்திலும் சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் நெருக்கமாக வாழ்ந்த தெற்குப் பகுதியிலோ தெருவெல்லாம் கடையும் நடமாட்டமுமாக இருந்ததால், முதியவர்கள் வழக்கம்போல் வெளியே வந்து, குளிரூட்டப்பட்ட கடைகளில் அமர்ந்து, அக்கம்பக்கத்தாரின் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார்கள். விலகல் கோட்பாட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் வடக்கு லான்டேல் முதியவரின் அடைத்த கதவு மூப்பின் இயல்பாகத் தெரியக்கூடும். அக்கதவைச் சாத்தியது அந்தத் தெருவின் அழிவுதான்.

பழி வயதின்மேல்

செவிலியத் துறையே வகுத்த கோட்பாடுகளில், இந்தப் பிரித்தறிதலுக்குப் பெரிதும் உதவுவது கரோல் மில்லர் வகுத்த செயல்விளைவுக் கோட்பாடு. வயதால் வரும் மாற்றங்கள் தாமாக ஒருவரை முடக்குவதில்லை, அவற்றோடு நோய், மருந்து, சூழல், தவறான எண்ணம் போன்ற இடர்க்காரணிகள் சேரும்போதே அன்றாடச் செயல்பாடு சிதைகிறது, அந்த இடர்க்காரணிகளைக் குறைப்பதே செவிலியரின் பணி என்று அது கூறுகிறது. நல்ல காற்று, வெளிச்சம், தூய்மை, நீர் ஆகியவற்றை நோயாளிக்கு அமைத்துத் தருவதே செவிலியம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்தியதன் தொடர்ச்சியாகவும் இதைக் கொள்ளலாம்.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும் ஒரு மூதாட்டியின் நிலை இதைத் தெளிவாக்கும். வயதாகும்போது சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறைவதும், தாக உணர்வு மங்குவதும் இயல்பான மாற்றங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, விளக்கில்லாத முற்றத்தின் கோடியில் இருந்தால், அவர் மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார். நீர்ச்சத்து குறைந்து மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் உண்டாகின்றன. முதியவர்களுக்குத் தொற்று சில வேளைகளில் காய்ச்சலாக வெளிப்படாமல் திடீர் மனக்குழப்பமாக வெளிப்படுவதால், அதை மறதி நோய் என்று குடும்பத்தார் எண்ணிவிடுகிறார்கள். ஒரு விளக்கும், படுக்கையருகே ஒரு கழிப்பு நாற்காலியும் இருந்திருந்தால் தொடங்கியிருக்காத ஒரு சங்கிலியின் பழி முழுவதும் அவருடைய வயதின்மேல் விழுகிறது.

செவிலியரோடு வந்த தச்சர்

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியப் பள்ளியில் சாரா சான்டன் குழுவினர் உருவாக்கிய கேபபிள் என்னும் திட்டம் இந்தச் சிந்தனையைச் செயலாக்கிக் காட்டியது. குறைந்த வருமானமுள்ள முதியவரின் வீட்டுக்கு ஒரு செவிலியர், ஒரு செயல்முறைச் சிகிச்சையாளர், பழுதுபார்க்கும் ஒரு தொழிலாளி என மூவர் சில மாத காலத்துக்குள் மாறி மாறிச் செல்வார்கள். மருந்துகளையும் வலியையும் செவிலியர் கவனிக்க, குளிப்பது, உடுத்துவது, மாடியேறுவது ஆகியவற்றின் சிரமங்களைச் சிகிச்சையாளர் கண்டறிய, கைப்பிடி பொருத்துவது, உடைந்த படியைச் செப்பனிடுவது போன்ற வேலைகளைத் தொழிலாளி முடிப்பார். எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதை முதியவரே முடிவு செய்வார் என்பது இதன் உயிர்நாடி.

300 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஐந்து மாத முடிவில் இத்திட்டத்தில் இருந்தவர்களின் இயலாமை மதிப்பெண், மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. ஓராண்டில் அந்த இடைவெளி சுருங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டைச் சீர்செய்வது ஒருமுறை முடித்துவிடும் வேலையாக அமைவதில்லை.

தமிழ்நாட்டில் விரல்ரேகையும் வீட்டுவாசலும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தார்கள். இது நாட்டின் சராசரியான 8.6 விழுக்காட்டைவிட அதிகம். முதியோர் மருத்துவத்தில் இம்மாநிலம் முன்னோடியும்கூட: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசன் 1978-இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறார்கள். வலிநிவாரணச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் படுக்கையில் இருப்பவர்களைத் தேடிச் செல்கிறார்கள்.

மூப்பும் சமூக ஏற்பாடும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு ரேஷன் கடையின் கைரேகைக் கருவி நல்ல எடுத்துக்காட்டு. வயதாகும்போது தோலின் மீள்தன்மை குறைந்து விரல்ரேகைகள் தட்டையாகின்றன. வாழ்நாள் முழுவதும் நாற்று நட்டும் கல் சுமந்தும் தேய்ந்த விரல்களில் அவை இன்னும் மங்கிவிடுகின்றன. கருவி ஏற்காததால் அரிசி வாங்காமல் திரும்பும் முதியவரின் இரும்புச்சத்துக் குறைவையோ தசைத்தளர்ச்சியையோ, பின்னொரு நாள் மருத்துவமனையில் உயிரியல் மூப்பாக மட்டும் பதிவு செய்வது நியாயமாகாது. கருவிழிப் பதிவும், தமக்காகப் பொருள் வாங்க வேறொருவரை நியமிக்கும் வசதியும், முதியோரின் வீட்டுக்கே பொருள்களைக் கொண்டுசேர்க்க 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டமும் இந்தக் குறைக்கான விடைகள். அவை இருப்பதை முதியவருக்கு எடுத்துச் சொல்வதும் நலப்பணியின் ஒரு பகுதியே.

ஆகவே, வீட்டுக்குச் செல்லும் செவிலியர் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் குறித்துக்கொள்வதோடு, கழிப்பறை எத்தனை தப்படி தொலைவில் இருக்கிறது, அங்கே விளக்கு உண்டா, கடைசியாகத் தெருவுக்கு வந்தது எப்போது, ஓய்வூதியம் யார் கையில் சேர்கிறது, இரவு உணவு என்ன, அதை யாருடன் உண்டார் என்பவற்றையும் கேட்டு எழுத வேண்டும். கணவரை இழந்த மூதாட்டிகள் குடும்பத்தார் முன்னிலையில் இவற்றுக்கு உண்மையான விடை சொல்லத் தயங்குவார்கள் என்பதால், சிறிது நேரமாவது அவர்களுடன் தனியே பேசுவது அவசியம். அவ்விடைகளை எழுதுவதற்கு நோயாளியின் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். அப்பக்கத்தில் எழுதப்பட்டவை ஊராட்சி அலுவலகத்துக்கும் வருவாய்த் துறைக்கும் சென்றுசேர ஒரு முறையான வழியும் ஏற்படுத்தப்பட வேண்டும்.