சைக்கிள் ஹப்பு மூடி இறுகிவிட்டதா? சுத்தியல் வேண்டாம்!

நெய்வேலி நகரியத்துக்குச் சுற்று கிராமங்களிலிருந்து பால் கேனும் பலாப்பழமும் இன்றும் சைக்கிளில் வருகின்றன. செம்மண் புழுதி, பழுப்பு நிலக்கரித் தூசு, கேரியரில் ஏற்றும் உர மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு, இவை சேர்ந்தால் பின்சக்கர ஹப்பில் துரு ஏறும். பால்ரஸைக் காக்கும் தகட்டு மூடி இறுகிவிடும். உள்ளே சேர்ந்த அழுக்கை எடுக்க முடியாமல் சக்கரம் 'கரகர' என்று சுற்றும்.

இந்த மூடிக்கு மரை கிடையாது; அழுத்திப் பொருத்தியது. திருகிப் பயனில்லை. சக்கரத்தைக் கழற்றி, அடியில் துணி விரித்து, லாக் நட்டு, கோன், அச்சு ஆகியவற்றை எடுங்கள். பால்ரஸ் பக்கத்துக்கு 9 வீதம் 18 இருக்கும். ஒன்றும் தொலையக் கூடாது. மூடியின் விளிம்பில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள்.

காலையில் வெந்நீரில் நனைத்த துணியை ஹப்பின் மேல் சுற்றுங்கள். ஹப்பு சற்றே விரிந்து பிடி தளரும். பிறகு தட்டை முனை ஸ்குரூடிரைவரை விளிம்பில் கொடுத்து, ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிலும் சிறிது சிறிதாகக் கிளப்புங்கள். ஃப்ரீவீல் பக்கத்து மூடியை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அப்படியும் வரவில்லையா? விட்டுவிடுங்கள். இடைவெளி வழியே மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, புது கிரீஸ் வைத்தாலே சக்கரம் ஓடும். மூடி நசுங்கினால் வேறு வாங்கலாம். சுத்தியலால் அடித்து ஹப்பு உடைந்தால், பின்சக்கரத்தின் 40 கம்பிகளையும் கழற்றி மறுபடி கோக்க வேண்டும். அன்றைய பால் சொசைட்டிக்குப் போகாது.

உரம் ஏற்றிய அன்றே ஹப்பை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தப் பாடே இல்லை.